கடைசியாகப் போன ஹோட்டலை விடுங்கள், மதியச் சாப்பாட்டைச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் வயிற்றை முறுக்கிப் பிழியும் வலி, தண்ணீராகப் பேதி. காய்ச்சல் இல்லை, வாந்தியும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் குடும்பத் தலைவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "நேத்து ராத்திரி எட்டரை மணிக்கு ஹோட்டல்ல சாப்பிட்டோம் டாக்டர். அந்தப் பாவிங்க வேலைதான்." ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் அந்த உணவகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார்.

"மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"மதியமா? வீட்டுச் சாப்பாடுதான்."

இந்த "தான்" என்ற ஒற்றைச் சொல்லை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! வீட்டில் சாப்பிட்டதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தோண்டிக் கேட்டதில் வந்த விவரம் இது. சனிக்கிழமை மதியம் உறவும் நட்புமாக இருபது பேருக்கு வீட்டில் விருந்து. காலையில் அவசரம் வேண்டாமென்று வெள்ளி இரவே ஒரு பெரிய அண்டாவில் இறைச்சிக் குழம்பு செய்து, மூடி, அடுப்பு மேலேயே விட்டுவிட்டார்கள். மறுநாள் லேசாகச் சூடுகாட்டிப் பரிமாறினார்கள்.

ஐந்து பேரில் ஒருவர் பாட்டியம்மா. அவர் ராத்திரி ஹோட்டலுக்கே போகவில்லை, கால் வலி என்று வீட்டில் இருந்துவிட்டார். மாறாக, இவர்களைக் காரில் அழைத்துவந்த பையன் மதிய விருந்துக்கு வரவில்லை. ஹோட்டலில் மட்டும் சேர்ந்துகொண்டு இவர்கள் தின்ற அத்தனையும் தின்றிருக்கிறான். அவன் வராந்தாவில் தெம்பாக உட்கார்ந்து எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

தொற்றுநோய்த் துறைக்காரர்கள் விசாரணைக்குப் போனால் முதலில் செய்வதும் இதைத்தான். இன்ன பண்டத்தைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு நோவு, சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு என்று இரண்டு பட்டியல் போடுவார்கள். நோயாளியைவிட நோய் வராதவரிடம்தான் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அடிக்கடி சொல்வார்.

குமட்டல் வந்தால் கடைசியாக உள்ளே போனதை வெறுப்பது மூளையின் பழைய வழக்கம். 1955-ல் ஜான் கார்சியா என்ற உளவியலாளர் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார். உடம்பைக் கெடுத்தது கதிர்வீச்சு. ஆனால் எலிகள் அதன்பின் இனிப்புத் தண்ணீரை ஒதுக்கிவிட்டன. நாமும் அப்படியே. எலியாவது விமர்சனம் எழுதுவதில்லை.

கிருமிகளுக்கு அவரவர் கடிகாரம் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் உணவிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடும், அதனால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி. அறை வெப்பத்தில் கிடந்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி வகையும் அப்படித்தான், ஆறு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கடைசிச் சாப்பாட்டைக் குற்றம் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒத்துழைக்கும். மற்றவை ஒத்துழைக்காது. நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சால்மொனெல்லாவுக்கு 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். கேம்பைலோபேக்டர் 2 முதல் 5 நாள். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள்! காமாலையோடு வந்து "நேத்து வெளியில சாப்பிட்டேன்" என்கிறவரிடம் நான் போன மாதத்தைப் பற்றிக் கேட்டால், என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

அந்தக் குடும்பத்துக்கு வலி தொடங்கியது நள்ளிரவு தாண்டி. மதியச் சாப்பாட்டிலிருந்து எண்ணினால் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். காய்ச்சலும் வாந்தியும் இல்லாத முறுக்கு வலி, பேதி. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறிய இறைச்சி. அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள், அதனால் ஆய்வகச் சான்று கிடையாது. இருந்தாலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் முகவரி இதைவிடத் தெளிவாக எழுதப்படாது. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. குழம்பு ஆறும்போது முளைக்கும். 45 டிகிரிச் சூட்டருகே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இருபது பேருக்கான குழம்பின் நடுப்பகுதி அந்தச் சூட்டைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்குத் தினமும் சமைக்கும் கைக்கு விருந்துச் சமையல் வேறு வித்தை. கைப்பக்குவம் அதேதான், பாத்திரத்தின் ஆழம்தான் மாறிவிட்டது.

"மறுபடி சூடு பண்ணிட்டோமே டாக்டர்" என்றார் வீட்டம்மா. குழம்பு முழுக்கப் புகைய, நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொடும்படி சூடாக்கியிருந்தால் முளைத்த கிருமிகள் செத்திருக்கும். ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் இறக்கினால் சாகாது. ஆனால் மறுசூடு எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும் என்று நினைக்க வேண்டாம். நான் முன்னே சொன்ன ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நஞ்சும் கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமி செத்துப் போகும், அது கக்கிய நஞ்சு தட்டில் இருக்கும். மோந்து பார்த்தேன், ருசி பார்த்தேன் என்பதும் உதவாது. ஊசிப்போன வாடை வேறு கிருமிகளின் வேலை.

சரி, செய்ய வேண்டியது என்ன? சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருங்கள், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்விடுங்கள். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் கிடக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மிஞ்சியதை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். "முழுக்க ஆறினாத்தான் உள்ளே வைக்கணும்" என்ற நம்பிக்கையால்தான் பாதிக் குழம்புகள் இரவெல்லாம் வெளியே கிடக்கின்றன. வெதுவெதுப்பாக வைத்தால் ஃபிரிட்ஜ் ஒன்றும் அழுதுவிடாது. பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் நறுக்கி வைத்த காய் வரை போகும். இறைச்சி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்டால் "துடைச்சுட்டேனே" என்பார்கள்.

வெளியே போய்ச் சாப்பிடுங்கள், சந்தோஷமாகப் போங்கள். நானும் போகிறேன். சூடாக இருக்க வேண்டியது சூடாக வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஆறிப்போய் வந்தால் கூச்சப்படாமல் திருப்பி அனுப்புவேன். பரப்பி வைத்து நாமே எடுத்துக்கொள்ளும் விருந்துகளில், அடியில் சூடேற்றி இல்லாத தட்டுகளின் பக்கம் போவதில்லை. பார்சல் வாங்கி வந்து மேசை மேல் வைத்துவிட்டு இரண்டு படம் பார்த்து முடித்துச் சாப்பிட்டால், அந்தப் பழியைச் சமைத்தவர் மேல் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். உங்களுக்கு வாந்தியோ பேதியோ இருந்தால், அது நின்ற பிறகும் இரண்டு நாள் பிறருக்குச் சமைக்காதீர்கள், பரிமாறவும் வேண்டாம். விருந்தைத் தள்ளிப்போட்டால் உறவு கோபித்துக்கொள்ளும், பிறகு சரியாகிவிடும். சானிடைசரை நம்பாதீர்கள், நோரோ வைரஸிடம் அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். உடம்புக்கு எதுவுமே இல்லாதவரும் பரப்பலாம் என்பது தனிக் கதை. 1906-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆய்ஸ்டர் பேயில் ஒரே வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. விசாரித்த ஜார்ஜ் சோப்பர் கடைசியில் போய் நின்றது, சில வாரங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த சமையல்காரர் மேரி மலோனிடம். அவர் திடமாகத்தான் இருந்தார். அதுவும் வீட்டுச் சாப்பாடுதான்!

வந்துவிட்டால்? ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டி அளந்தது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களும் தொடக் கூடாது. போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுக்காதீர்கள், சில வகை ஈ. கோலை தொற்றில் அது சிறுநீரகத்தையே ஆபத்தில் தள்ளலாம். ரத்தம், அடங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், கிறுகிறுப்பு, இதில் ஒன்று இருந்தாலும் வந்துவிடுங்கள். கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் இதற்காகக் காத்திருக்க வைக்காமல் முன்னாலேயே அழைத்து வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கெட்ட உணவால் ஆண்டுக்கு இறக்கும் 4,20,000 பேரில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

ஐவரும் திங்கட்கிழமை மாலை நலமாக வீடு திரும்பினார்கள். பாட்டியம்மா கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, "நான் அன்னைக்கே சொன்னேன் டாக்டர், குழம்பைப் பிரிச்சு வைங்கன்னு. யார் கேட்டா?" என்றார். குடும்பத் தலைவரிடம் அந்த விமர்சனத்தை எடுத்துவிடச் சொன்னேன். "பாக்கலாம் டாக்டர்" என்றார்.

நேற்றிரவு அந்த உணவகத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. கீழே பதினேழு பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருக்கிறார்கள்.