பெங்காலி ரொட்டியில் பழம் வைத்த பிரெஞ்ச் டோஸ்ட்

கோலாலம்பூர்க் கடைகளில் கிடைக்கும் ஹாங்காங் பாணி பிரெஞ்ச் டோஸ்ட் எண்ணெயில் மூழ்கிப் பொரிவது. நடுவே வேர்க்கடலை வெண்ணெய், மேலே ஒரு கட்டி வெண்ணெய், அதன் தலையில் டின் பால், அதாவது சீனி கலந்த கெட்டிப் பால். டின் பால் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே ஏறத்தாழ 22 கிராம் சீனி, அதாவது நாலு தேக்கரண்டிக்கும் மேல். மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்கிறது 2023 தேசிய சுகாதார ஆய்வு. இதையே அடிக்கடி பசியாறிவிட்டு முட்டையின் மஞ்சள் கருவுக்குப் பயப்படுவதுதான் வேடிக்கை.

வீட்டில் செய்ய, பெங்காலி ரொட்டி எனும் கனத்த பிரெட்டை வெட்டாமல் முழுசாக வாங்குங்கள். பினாங்குக்காரர்களுக்குத் தெரியும், கறியில் தோய்த்தாலும் லேசில் குழையாது. மைதா ரொட்டிதான், முழுக்கோதுமை ரொட்டி முழுசாகக் கிடைத்தால் அதுவே மேல். 3 செ.மீ. கனத்தில் இரண்டு துண்டு போடுங்கள். புது ரொட்டியில் ஈரம் அதிகம், முட்டையில் நனைந்ததும் கூழாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தாலும் சரியாகக் காயாது. இரவில் மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறந்துவிட்டால் 150 டிகிரி ஓவனில் பக்கத்துக்கு 5 நிமிடம். பிறகு ஓர் ஓரத்தில் கத்தியைச் செருகி, மற்ற மூன்று பக்கமும் ஒரு செ.மீ. விட்டு, பை போலத் திறக்கவும்.

உள்ளே வைக்க, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பீசாங் மாஸ் (சின்ன வாழைப்பழம்) துண்டுக்கு ஒன்று. ஒன்றிரண்டாக மசித்தால் போதும். மாம்பழம் என்றால் பொடியாக நறுக்கிச் சாற்றை வடித்துவிடுங்கள். அன்னாசியை வெறும் சட்டியில் நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். தர்ப்பூசணி பக்கமே போகாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் திணித்தால் ரொட்டி வெடிக்கும்.

இரண்டு முட்டை, 120 மில்லி கொழுப்புக் குறைந்த பால், அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், சிட்டிகை உப்பு. பால் கூடினால் நடுப்பகுதி வேகாமல் சொதசொதக்கும். குறைந்தால் ஆம்லெட் வாடை. சீனி சேர்க்கவே வேண்டாம், உள்ளே வேகுமுன் வெளியே கருகும். பக்கத்துக்கு 30 வினாடி ஊறட்டும்.

ஒட்டாத சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, சிறுதீயில் மூடி போட்டு, பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். நடுவில் அழுத்திப் பாருங்கள். முட்டை கசிந்தால் மறுபடி மூடுங்கள். பெருந்தீ வைத்தால் மேலே பொன்னிறம், உள்ளே பச்சை முட்டை.

பழத்திலும் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்தி, டின் பால் ஊற்றிய தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) குடிக்கலாம்.