மூன்று சக்கரம் இருந்தும் கவிழ்வது ஏன்?

கானாடுகாத்தானில் எங்கள் தெரு ஆச்சிக்கு முழங்கால் வலி. கடைத்தெரு வரை நடக்க முடியவில்லை என்று மகன் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வாங்கி அனுப்பினார். அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. சைக்கிள் கடைக்காரரும் நானும் உட்கார்ந்து மாட்டினோம். வெள்ளோட்டம் நான்தான். நாற்பது வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று ஏறினேன். இருபதடி போவதற்குள் எதிர்வீட்டுத் திண்ணையில் முட்டி நின்றேன்.

“தம்பிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றார் ஆச்சி.

தெரிந்ததுதான் வினை. இரண்டு சக்கர சைக்கிளில் நாம் ஹேண்டிலைத் திருப்பித் திரும்புவதில்லை, சாய்ந்து திரும்புகிறோம். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் ஹேண்டிலை ஒரு நூல் அளவு வலப்பக்கம் தள்ளுகிறோம். சக்கரம் வலப்பக்கம் விலக, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. பிறகுதான் ஹேண்டில் இடப்பக்கம் வருகிறது. பழகிய கை இதை நம்மைக் கேட்காமலே செய்துவிடும். மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் சாயவே சாயாது. வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம்தான் போகும். நான் திண்ணையைத் தவிர்க்க நினைத்து, திண்ணையை நோக்கியே ஓட்டியிருக்கிறேன்.

கவிழ்வதற்கும் இந்தச் சாயாத குணம்தான் காரணம். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பின்னால் அகலம், முன்னால் கூர். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் ஏறக்குறைய வயிற்று உயரத்தில் இருக்கும். அங்கிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு முக்கோணத்துக்குள் இருக்கும்வரை பயமில்லை. வண்டி திரும்பும்போது குண்டு வெளிப்பக்கம் விலகும். முக்கோணத்தின் ஓரக்கோட்டைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்கு இடையே 70 செ.மீ. என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 35. ஆனால் ஆள் உட்காருவது பின் ஆக்சிலுக்கு முன்னால். அந்த இடத்தில் முக்கோணம் குறுகிச் சுமார் 24 செ.மீ.தான் மிஞ்சும். எடையின் மையம் 95 செ.மீ. உயரத்தில் இருந்து, 4 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், மணிக்கு 11 கி.மீ. வேகத்திலேயே சக்கரம் தூக்கிவிடும். சைக்கிளில் அது சாவகாசமாக மிதிக்கிற வேகம்! ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் வெளிப்பக்கம் தள்ளும் விசை கால்வாசியாகிவிடும். அதனால் நடைவேகத்தில் திரும்புகிறவருக்குக் கவலையில்லை.

பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடிக்க வேண்டும், திருப்பத்துக்குள் அல்ல. பிரேக் பிடித்தால் தூக்குக்குண்டு முன்பக்கம் நகரும். முன்பக்கம்தான் முக்கோணம் கூராக இருக்கிறது. சற்று அழுத்திப் பிடித்தாலே அந்த 24 செ.மீ.யில் ஆறு போய்விடும். தூண் மாதிரி நிமிர்ந்து உட்காராமல் உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்த்தால் சில சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும். சாமானைப் பின்கூடையில், அடியில் வைப்பதும் நல்லது. எடை தாழ்வதோடு முக்கோணத்தின் அகலமான பக்கத்துக்கும் நகர்கிறது. கைப்பிடியில் பை தொங்கவிடுகிற வழக்கத்தை மட்டும் மறந்துவிட வேண்டும்.

இன்னொன்று, தெருவின் வாட்டம். செட்டிநாட்டில் மழைத்தண்ணீர் ஓடி ஊருணிக்குச் சேர வாட்டம் பார்த்தே தெருக்களை அமைத்தார்கள். தார்ச்சாலைக்கும் நடு மேடு, ஓரம் தாழ்வு. இரண்டு சக்கர சைக்கிள் சரிவிலும் நேராக நிற்கும். மூன்று சக்கர வண்டி சரிவோடு சேர்ந்து சாயும். நூற்றுக்கு இரண்டரை வாட்டம் இருந்தால், 85 கிலோ மொத்த எடையில் இரண்டு கிலோ அளவுக்கு ஓரத்துக்கு இழுக்கும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் வண்டி சாக்கடைப் பக்கமே வாலாட்டும். அதே காரணத்தால் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் திரும்புவதுதான் வம்பு. தள்ளுகிற விசையும் வாட்டமும் ஒரே பக்கம் கூட்டுச் சேரும்.

மாட்டும்போது நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது, முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவையான ஃபோர்க் பின்பக்கம் திரும்பியிருந்தது. அப்படியே மாட்டினால் முன்சக்கரம் பெடலை நெருங்கி, திருப்பும்போது கால்விரலில் இடிக்கும். ஃபோர்க்கின் வளைவு முன்னே பார்க்க வேண்டும். சீட் குழாயிலும் ஹேண்டில் குழாயிலும் ஒரு கோடு கீறியிருப்பார்கள். அது வெளியே தெரியாத அளவுக்குக் குழாய் உள்ளே இறங்க வேண்டும்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடைக்காரர் “எதுக்குண்ணே இப்படி?” என்று கேட்டார். அவர் கையையே பிடித்துக் காட்டினேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, உள்ளே ஒரு பென்சிலைத் தளர்வாக விட்டு, வளையத்தின் உள்சுவரில் அழுத்தியபடி சுற்றுங்கள். சுற்றுகிற திசைக்கு எதிராகப் பென்சில் உருளும். பெடலின் தண்டும், அதை மாட்டுகிற இரும்புக் கையான கிராங்கின் துளைக்குள் அப்படித்தான் மெல்ல நகர்கிறது. இடப்பக்கம் சாதா மரை என்றால் நாளடைவில் தானே கழன்றுவிடும். மாட்டும்போது இரண்டு பெடலையும் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றினால் இறுகும், அவ்வளவுதான்.

ஆச்சியின் வண்டியில் பின்சக்கரம் இரண்டில் ஒன்றைத்தான் செயின் ஓட்டுகிறது. மற்றது சும்மா சுழல்கிறது. காசை மிச்சம் பிடிக்கிற வேலை என்று கடைக்காரர் முணுமுணுத்தார். பாதி உண்மைதான். முழு வட்டத்தில் பாதி திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 2.2 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பிணைத்தால் ஏதாவது ஒன்று தரையைத் தேய்த்தே ஆக வேண்டும். இதற்குத் தீர்வாக இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ல் மூன்று சக்கர சைக்கிளுக்கு, இரண்டு சக்கரத்தையும் ஓட்டியபடியே வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தைக் கொண்டுவந்தார். கார்களில் இன்று இருப்பதும் அந்த ஏற்பாடுதான். விலை குறைந்த வண்டியில் அது இல்லை. ஓட்டுகிற சக்கரம் மணலில் மாட்டினால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

சாயாத வண்டி என்பதால் திருப்பத்தில் சக்கரக் கம்பிகள் பக்கவாட்டில் அடிவாங்குகின்றன. ஒரு வாரத்தில் கம்பிகள் சற்றுத் தளர்ந்து, ரிம்மில் கோட்டம் எடுக்க வேண்டியிருந்தது. ஆக்சில் நட்டும் அரைச் சுற்று இறங்கியது.

எனக்குக் கை திருந்த மூன்று நாள் ஆயிற்று. ஆச்சி வாழ்நாளில் சைக்கிள் ஏறியதே இல்லை. ஊருணிக்கரையில் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். சைக்கிள் ஓட்டிப் பழகிய நான்தான் வண்டி நிற்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் காலை ஊன்றி, பின்னால் வந்த ஆக்சிலில் கெண்டைக்காலை இடித்துக்கொண்டேன். ஆச்சி பெடலிலேயே காலை வைத்தபடி பிரேக் பூட்டைப் போட்டுவிட்டு, கீரைக்காரியிடம் சாவகாசமாக விலை பேசிக்கொண்டிருந்தார்.