ஸ்பெல்லிங் தப்புவது பெரும்பாலும் சொல்லின் மூட்டில்தான்

ஆங்கிலப் பிரதிகளுக்குப் பிழை திருத்துவதும், வேலையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் உறுத்தியது பிழைகள் இல்லை, பிழைக்குப் பயந்து ஆட்கள் எழுதாமல் விடுகிற சொற்கள்தான். நடந்தது என்பதற்கு ‘அக்கர்டு’ என்று எழுத வந்தவர், ஆர் ஒன்றா இரண்டா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு ‘ஹேப்பண்டு’ என்று போட்டு நகர்ந்துவிடுவார். இப்படியே பழகினால், தெரிந்த சொற்களில் பாதி கைக்கு வராமலே போய்விடுகிறது.

ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு விதியே இல்லை, மனப்பாடம்தான் ஒரே வழி என்று பலரும் நம்புகிறார்கள். முழுக்க அப்படி இல்லை. நான் திருத்துகிற பிழைகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் விழுகிறது: வேர்ச்சொல்லும் பின்னால் ஒட்டுகிற விகுதியும் சேரும் மூட்டில். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடம் புதிதே இல்லை, பள்ளியில் புணர்ச்சி படித்திருக்கிறோமே. பூ, கொடி சேர்ந்தால் பூங்கொடி, அது தோன்றல். பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம், திரிதல். மரம், வேர் சேர்ந்தால் மரவேர், கெடுதல். ஆங்கிலச் சொல் விகுதியோடு சேரும்போதும் ஏறக்குறைய இதே மூன்றுதான் நடக்கிறது. ‘ரன்’ என்பதோடு ‘இங்’ சேரும்போது இன்னொரு என் தோன்றுகிறது. ‘ஹேப்பி’யில் கடைசியில் இருக்கும் ஒய், ‘ஹேப்பினஸ்’ ஆகும்போது ஐ-யாகத் திரிகிறது. ‘மேக்’ என்பதன் கடைசி இ, ‘மேக்கிங்’கில் கெடுகிறது. (இந்தக் கட்டுரை முழுக்க ஏ, இ, ஐ என்று தனியாக வருவதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் பெயர்கள்.)

இதில் எல்லாரும் தடுமாறுவது தோன்றலில். ‘பிகினிங்’கில் இரண்டு என், ‘ஓப்பனிங்’கில் ஒன்றுதான், ஏன்? இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பிகின்’ என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, ‘ஓப்பன்’ என்பதில் முதல் அசையில். கடைசி அசையில் அழுத்தம் இருந்து, அது ஒற்றை உயிரெழுத்து, ஒற்றை மெய்யெழுத்து என்று முடிந்து, வருகிற விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த மெய் இரட்டிக்கும். அதனால்தான் ‘ரெஃபர்டு’க்கு இரண்டு ஆர், ‘ஆஃபர்டு’க்கு ஒரே ஆர். இன்னும் அழகு, அதே ‘ரெஃபர்’ என்பது ‘ரெஃபரன்ஸ்’ ஆகும்போது அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுகிறது, கூடவே அந்த இரண்டாவது ஆரும் போய்விடுகிறது. எல்-லில் முடிகிற சொற்களில் மட்டும் பிரிட்டிஷார் இந்த விதியைப் பார்ப்பதில்லை. ‘டிராவலிங்’கை அவர்கள் இரண்டு எல் போட்டு எழுதுவார்கள், அமெரிக்கர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டும் சரி, ஒரே பிரதியில் இரண்டையும் கலக்கக் கூடாது.

ஒரு பயிற்சி வகுப்பில் ஒருவர் ‘நோட்டீசபிள்’ என்று பலகையில் எழுதினார், நடுவில் வர வேண்டிய இ-யை விட்டுவிட்டு. விதிப்படி கெடுதல்தானே சார் என்று கேட்டார். எழுதியதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே வந்தவர் ‘நோட்டிக...’ என்றதும் நின்றுவிட்டார். சி-க்குப் பின்னால் இ, ஐ, ஒய் வந்தால்தான் அது ஸகரமாக ஒலிக்கும். ஏ, ஓ, யு வந்தால் ககரம். நாமும் க என்ற ஒரே எழுத்தை ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ மூன்றிலும் அக்கம்பக்கம் பார்த்துத்தானே வேறு வேறாக ஒலிக்கிறோம். அங்கே அந்த இ, சி-யின் ஒலிக்குக் காவல். ‘மேனேஜபிள்’, ‘சேஞ்சபிள்’ இரண்டிலும் ஜி-க்குப் பின்னால் இ தங்குவதும் இதற்காகத்தான். ‘பிக்னிக்’, ‘பேனிக்’ போன்றவற்றில் நேர்மாறு: ‘இங்’ சேர்ந்தால் சி மெலிந்துவிடும் என்பதால் நடுவே ஒரு கே வந்து நிற்கிறது.

மூட்டில் இல்லாத பிழைகளுக்கு நான் சொல்வது, சொந்தக்காரரைக் கேளுங்கள் என்பதுதான். ஒரு சொல்லில் ஒலிக்காத எழுத்து, அதன் உறவுச் சொல்லில் பல நேரம் வாய் திறந்து பேசும். ‘சைன்’ என்பதில் கேட்காத ஜி, ‘சிக்னேச்சர்’ என்பதில் கேட்கிறது. ‘மஸில்’ என்பதில் சி இருப்பதை ‘மஸ்குலர்’ சொல்லிவிடும். கடன் என்ற பொருளில் வரும் ‘டெட்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும் பி, ‘டெபிட்’டில் வெளிப்படை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி இல்லை, அது லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு செருகியது. அதே ஆர்வத்தில் ‘ஐலண்ட்’டுக்கு உறவே இல்லாத ஒரு எஸ்-ஸையும் சேர்த்துவிட்டார்கள். அதை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

மங்கலாக ஒலிக்கிற உயிரெழுத்துக்கும் இதே வைத்தியம். ‘கிராமர்’ முடிவில் ஏ-யா இ-யா? ‘கிராமாட்டிகல்’ என்று சொன்னாலே ஏ என்று தெரிந்துவிடும். ‘டெஃபினிட்’டில் ஏ போடுகிறவர்கள் ‘டெஃபினிஷன்’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் ஐ தானாக வரும்.

எல்லாருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: ஐ முன்னால், இ பின்னால், சி-யை அடுத்து வந்தால் மட்டும் மாறும். அந்த எழுத்துகள் ஈ என்று ஒலிக்கிற இடத்தில் மட்டுமே இதை நம்புங்கள். ‘பிலீவ்’, ‘ரிசீவ்’ எல்லாம் அடங்கும். ‘நெய்பர்’ அடங்காது, அங்கே ஒலி வேறு. ‘புரோட்டீன்’, கைப்பற்றுவது என்ற பொருளில் வரும் ‘சீஸ்’ போல ஈ என்று ஒலித்தும் மீறுகிறவை இருக்கின்றன. 2009-இல் பிரிட்டன் அரசு ஆசிரியர்களுக்குத் தந்த வழிகாட்டுதலிலேயே இந்த விதியைக் கற்பிப்பதில் பயனில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை.

சரி, கணினிதான் திருத்திக் கொடுக்கிறதே என்பீர்கள். இழப்பது என்ற ‘லூஸு’க்கு ஒரு ஓ, தளர்ந்தது என்ற ‘லூஸு’க்கு இரண்டு ஓ. மாற்றி எழுதினால் பல நேரம் சிவப்புக் கோடு விழாது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள். உங்களை இழக்க விரும்பவில்லை என்று வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு ஓ போட்டு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள், ஒரு மாதம் நீங்கள் தயங்கி நிற்கிற சொற்களை மட்டும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். பட்டியல் நீளமாக இருக்காது, திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான் வரும். என்னிடம் பயின்ற ஒரு பெண்ணின் தாளில் ஒன்பது சொற்கள் இருந்தன, அதில் ஆறு மூட்டுப் பிழை. போன வாரம் அவர் அனுப்பிய அறிக்கையில் ‘அக்கர்டு’ மூன்று இடத்தில் வந்தது. மூன்றிலும் இரண்டு சி, இரண்டு ஆர்.