வீட்டுப் பட்டறையில் சந்திக்கக் கூடாதவை

பாகம் பாகமாக வாங்கி, நம் கையாலேயே பூட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் ஆசை நேற்று வந்ததல்ல. 1957-ல் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்த 'செவன்' என்ற கார் இங்கிலாந்தில் பாகங்களாகவே விற்றது. அப்படி வாங்கினால் முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி இல்லை என்பதால், வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து பலரும் கார் பூட்டினார்கள். 1973-ல் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் அந்தக் கார் கிட்டாகக் கிடைக்கிறது.

உலோக வேலைப் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வை பார்ப்பது என் தொழில். கார் கிட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த வெல்டிங் மெஷின், எத்தனை ஆம்பியர், எந்த ஸ்பேனர் செட் என்றுதான். பதிலுக்கு நான் கேட்பது, "பெட்ரோலை எங்கே வைப்பீர்கள்?" பெரும்பாலும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் தீப்பொறி பறக்கும் இடமும் எரிபொருள் இருக்கும் இடமும் வேறு வேறு. தவறு செய்தால் தடுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருப்பார். வீட்டில் எல்லாம் ஒரே அறை, நீங்கள் ஒருவர்தான். அதனால் எது எதைச் சந்திக்கக் கூடாது என்பதை அறையை அமைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். உறைபனிக் குளிரில்கூட ஆவியாகிக்கொண்டே இருக்கும். அறையில் தரை மட்டத்துக்குக் கீழே சோதனைக் குழி இருந்தால் ஆவி அங்கேதான் போய்ச் சேரும். மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜோ, எரிவாயு வெந்நீர் ஹீட்டரோ இருந்தால் தீப்பொறிக்கு வேறு ஆள் வேண்டாம். அதனால் வெல்டிங், கிரைண்டிங் எல்லாம் முடிந்து, காரின் அடிச்சட்டமான சேஸிஸில் இனி வெட்ட, ஒட்ட எதுவும் இல்லை என்றான பிறகே பெட்ரோல் உள்ளே வர வேண்டும். பழைய காரிலிருந்து கழற்றிய காலி டேங்க்கை உள்ளே வைப்பவர்களும் உண்டு. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, ஏனென்றால் அதற்குள் ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதாகக் கலந்திருக்கும். தண்ணீர் விட்டு அலசிவிட்டேன் என்று சொல்லி அதில் வெல்டிங் வைக்காதீர்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. எங்கள் பட்டறையில் ஒரு பையன், நல்ல வேலைக்காரன், ஒரு பிராக்கெட்டை பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டு, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வெல்டிங் வைத்துவிட்டான். லேசான எரிச்சல், இருமல், அவ்வளவுதான். நன்றாக இருக்கிறேன் என்று வீட்டுக்குப் போனவன் நள்ளிரவில் மூச்சு வாங்கி மருத்துவமனைக்குப் போனான். பிழைத்துக்கொண்டான். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். வெல்டிங் வெப்பமும் அதன் புற ஊதாக் கதிரும் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோக்கும். டப்பாவில் குளோரின் சேர்ந்த பெயர் ஏதாவது, டெட்ராகுளோரோ எத்திலீன் போன்றது, இருந்தால் அதை வெல்டிங் நடக்கும் அறைக்குள்ளேயே விடாதீர்கள். வெல்டிங் வைக்கும் பாகத்தைத் துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்து, டப்பாவை மூடி வெளியே வைத்த பிறகு.

துத்தநாகம் பூசிய தகட்டிலும் கவனம் வேண்டும். பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால் அதன் புகையால் மாலையில் குளிர் காய்ச்சல் வந்து படுப்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தால் வெல்டிங்குக்கு விடும் ஆர்கான் வாயுவே கீழே தேங்கி, மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதற்கு வாசனையும் கிடையாது. சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

சரி, இனி எடை. இந்த வகைக் கார் 500, 600 கிலோதான், ஒரு ஜாக் தாங்காதா என்பார்கள். ஜாக் தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானதல்ல. உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் சொல்லாமல் இறங்கிவிடும். தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு வேண்டும். அதைப் போட்ட பிறகு, அடியில் போகும் முன் காரைக் கையால் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும். செங்கல், ஹாலோ பிளாக் மீது வைக்கவே வைக்காதீர்கள். விரிசல் விடுவதற்கு முன் அவை அறிகுறி காட்டாது.

உலோகம் அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் கிரைண்டர் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். 115 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீங்கள் கட்டப்போகும் கார்கூடப் பெரும்பாலும் அந்த வேகத்தில் போகாது. உடைந்த துண்டு அதே வேகத்தில்தான் முகத்துக்கு வரும். ஆகவே வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள், வீல் சுற்றும் கோட்டுக்கு நேரே நிற்காதீர்கள். வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும்; ஈரத்தில் கிடந்த பழைய வீலைத் தூக்கிப் போடுங்கள்.

பெயின்டிங்கை மட்டும் வெளியே கொடுத்துவிடச் சொல்வேன். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். அதனால் வரும் ஆஸ்துமா வாழ்நாள் முழுக்கக் கூடவே வரலாம்.

இடம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கார் நிற்கும் அளவு போதாது. நாலு பக்கமும் ஒரு மீட்டர், இன்ஜின் தூக்கும் கிரேன் நுழைய முன்னால் இன்னும் கொஞ்சம். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அறையின் கோடியில் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிவரும். பிளக் லைனில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் அவசியம்.

களைப்பும் பிரேக் வேலையும்கூடச் சந்திக்கக் கூடாதவைதான். சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிய நட்டு ஒவ்வொன்றிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத நட்டு முறுக்காத நட்டு என்றே கணக்கு. இரவு பத்து மணிக்கு இது நினைவில் நிற்கும் என்று நம்பாதீர்கள்.

கடைசித் தீப்பொறிக்கும் கதவைப் பூட்டுவதற்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். பொறி பத்து மீட்டர் தாண்டியும் போய்ப் பழைய துணியிலோ அட்டைப் பெட்டியிலோ ஒளிந்துகொள்ளும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் உள்ளேயே நில்லுங்கள். கனல் எங்காவது மிச்சம் இருந்தால் இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும்.