வாட்டரும் வஸ்ஸரும்: ஒரு மூச்சுக்காற்று செய்த வேலை

செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்காக ஜெர்மன் கற்றுவரும் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். முதல் கேள்வி இது: "தண்ணீருக்கு ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வஸ்ஸர். சாப்பிடுவதற்கு ஈட், எஸ்ஸென். பாதத்துக்கு ஃபுட், ஃபூஸ். ஆங்கிலத்தில் 'ட்' வரும் இடத்தில் ஜெர்மனில் 'ஸ்' வருகிறதே, இது தற்செயலா?"

தற்செயல் இல்லை. அவர் கண்டுபிடித்தது பாதி விதி. மீதியை அவர் கற்கும் மற்றச் சொற்களில் காணலாம். பத்து என்பது டென், ட்ஸேன். நாக்கு என்பது டங், ட்ஸுங்கெ. இரண்டு என்பது டூ, ட்ஸ்வை. சொல்லின் தொடக்கத்தில் 'ட்' இருந்தால் அது 'ட்ஸ்' ஆகிறது. பகரமும் இதே பாதையில்தான் போகிறது: பவுண்ட் ப்ஃபுண்ட் ஆகிறது, ஆப்பிள் அப்ஃபெல் ஆகிறது, கப்பலைக் குறிக்கும் ஷிப் ஷிஃப் ஆகிறது. ககரமும் விலக்கல்ல: மேக் என்பது மஃகென், புக் என்பது பூஃக். இந்த ஒலியை 'எஃகு' என்னும் சொல்லில் வரும் ஆய்தம்போல் தொண்டையை உரசிச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம் என்பது தெரிந்ததே. இதனால் வாட்டர்தான் வஸ்ஸராக மாறியது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் மூத்த பழஞ்சொல்லில் 'ட்' இருந்தது. ஆங்கிலம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய தெற்குப் பகுதி மக்கள், ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், அதை மாற்றிவிட்டார்கள். மொழியியலில் இதற்கு உயர் ஜெர்மன் மெய்ம்மாற்றம் என்று பெயர். 'உயர்' என்பது தகுதியைச் சொல்வதல்ல, மலைப்பக்கத்து மேட்டுநிலத்தைச் சொல்வது. வடக்கே கடலோரத் தாழ்நிலத்தின் வட்டார மொழியில் இன்றும் வாட்டர், அப்பெல், மாக்கென் என்றுதான் சொல்கிறார்கள்.

எப்படி மாறியது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய காகிதத்தைக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, 'பால்' என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் அசையாது, அசைந்தாலும் மிகக் குறைவாகத்தான் அசையும். அதே காகிதத்தின் முன் ஒரு ஜெர்மானியர் ப, ட, க ஒலிகளில் தொடங்கும் சொல்லைச் சொன்னால் அது விசிறிபோல் எழும்பும். அவர்களுடைய இந்த மெய்கள் திறக்கும்போது ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வெளியேறுகிறது. ஹிந்தியில் கைதட்டலுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் உள்ள சொற்களைப் பிரித்துக் காட்டுவதும் இந்த மூச்சுதான். நம் காதுக்கு இரண்டும் 'தாலி' என்றே கேட்கும்.

இப்போது 'ட்' என்று சொல்ல நாக்கு நுனி பல்லின் பின்மேட்டில் ஒட்டியிருக்கிறது, பின்னால் காற்று அழுத்தத்துடன் காத்திருக்கிறது. நாக்கு சட்டென்று விலகினால் சுத்தமான 'ட்' பிறக்கும். ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக, மெதுவாக விலகினால், மயிரிழை அகலத்துக்கு ஓர் இடுக்கு உண்டாகும். காற்று அதன் வழியே சீறிப் பாயும். அந்தச் சீற்றம்தான் 'ஸ்'. ஆக, காதில் விழுவது 'ட்ஸ்'. உதட்டிலும் இப்படியே: மூடிய உதடுகள் திறக்கும்போது கீழுதடு மேற்பல்லை உரசினால் 'ப்' என்பது 'ப்ஃப்' ஆகிவிடும். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாக்கும் உதடும் சற்றே சோம்பியதன் விளைவு இது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த விளக்கத்தின் மீது எனக்கு உள்ள காதலுக்குக் காரணம், அதன் விதிவிலக்கு. ஸ்டோன் என்பது ஜெர்மனில் ஷ்டைன், ஸ்டார் என்பது ஷ்டெர்ன். 'ட்' அசையாமல் நிற்கிறது! ஏன்? சகர ஒலிக்குப் பின்னால் வரும்போது 'ட்' தன் மூச்சை இழந்துவிடுகிறது. காகிதம் அங்கே அசையாது. மூச்சு இல்லாத இடத்தில் மாற்றமும் இல்லை.

சொல்லின் நடுவில் வஸ்ஸர் என்று வெறும் 'ஸ்' வருவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு ஜெர்மனியே வேண்டாம். 'பக்கம்' என்றும் 'பகல்' என்றும் சொல்லிப் பாருங்கள். இரட்டித்த ககரம் உறுதியாக அடைத்துத் திறக்கிறது. இரு உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ககரமோ அடைக்கவே மறந்து 'பஹல்' என்று நெகிழ்கிறது. பழைய ஜெர்மனிலும் இரட்டித்த மெய் பாதி வழிதான் போய் 'ட்ஸ்', 'ப்ஃப்' என்று நின்றது, தனி மெய் முழுதும் 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலியானது. ஆப்பிளில் இரட்டைப் பகரம் இருந்ததால் அப்ஃபெல். தண்ணீரில் ஒற்றை 'ட்' இருந்ததால் வஸ்ஸர். உட்கார்தல் என்னும் ஒரே வினையிலேயே இரண்டும் இருக்கின்றன: ஸிட்ஸென் என்றால் உட்கார்வது, ஸாஸ் என்றால் உட்கார்ந்தான். முன்னதில் ஒரு காலத்தில் இரட்டை 'ட்', பின்னதில் ஒற்றை. ஒழுங்கற்ற வினை என்று பாடநூல் கைவிடும் இடத்தில் ஒழுங்கு இருந்திருக்கிறது.

மாற்றம் நடந்த காலத்தைக் கணிக்க உதவுவது இரவல் சொற்கள். மாற்றத்துக்கு முன்பே வந்தவை மாட்டிக்கொண்டன, பின்னால் வந்தவை தப்பித்தன. அரண்மனையைக் குறிக்கும் இலத்தீன் சொல் இரண்டு முறை ஜெர்மனுக்குள் நுழைந்தது: முதல் முறை ப்ஃபல்ட்ஸ் ஆனது, நெடுங்காலம் கழித்து வந்தபோது பலாஸ்ட் ஆனது. ரோமானியர் தூரிக்கும் என்று அழைத்த ஊர்தான் இன்றைய ஜூரிச், ஜெர்மனில் ட்ஸூரிஃக்; தொடக்கத்துத் தகரமும் நடுவிலிருந்த ககரமும் விதிப்படி மாறியிருக்கின்றன. 453இல் இறந்த ஹூணர் மன்னன் அட்டிலா, பழைய ஜெர்மன் காவியத்தில் எட்ஸெல் என்று வருகிறான். அவன் பெயர் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தபோது மாற்றம் இன்னும் முடிந்திருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் மிளகும் மாட்டிக்கொண்டது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மிளகு கப்பலேறி ரோமுக்குப் போனபோது, திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலியிலிருந்து கிளைத்த ஒரு சொல் அதற்கு ஒட்டிக்கொண்டது. இலத்தீனில் பிபேர். அது தெற்கு ஜெர்மானியர் வாயில் விழுந்து, முதல் பகரம் ப்ஃப் ஆகவும் இரண்டாவது ஃப் ஆகவும் மாறி, ப்ஃபெஃபர் ஆயிற்று. ஒரே சொல்லில் விதியின் இரண்டு முகங்களும் இருக்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரு சொற்களைப் பக்கத்தில் வைத்து உறவு கொண்டாடுவது ஒரு மூடநம்பிக்கையாகவே நம்மிடம் வளர்ந்துவிட்டது. ஜெர்மனில் 'வைத்திருத்தல்' என்பது ஹாபென். இலத்தீனிலும் அதே பொருளில் ஹபேரே. பார்த்தால் இரட்டைக் குழந்தைகள். ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை! இலத்தீனின் ககரம்தான் ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகும். எனவே ஹாபெனுக்கு உறவு, 'பிடித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் கபேரே. உறவைக் காட்டுவது சாயல் அல்ல, வேறுபாட்டில் உள்ள ஒழுங்கு. பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி. இப்படி வரிசையாக நிற்பதால்தான் அந்த உறவு உறுதி.

இந்த ஒழுங்கை நிலத்தில் அளந்து பார்த்தவர் ஜெர்மன் மொழியியலாளர் கியோர்க் வெங்கர். 1876இல் ரைன் ஆற்றுப் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில எளிய வாக்கியங்களை அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். 'குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் பறக்கின்றன' என்பதுபோன்ற வாக்கியங்கள். பின்னர் அது 40 வாக்கியங்களாகி, 40,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. விடைகளை வரைபடத்தில் குறித்தபோது, மாக்கெனும் மஃகெனும் பிரியும் கோடு இன்றைய டுசல்டார்ஃப் நகரின் பென்ராத் பகுதியில் ரைனைக் கடந்தது. ஆனால் 'நான்' என்பதற்கு இக், இஃக் என்று பிரியும் கோடு வேறு இடத்தில் கடந்தது. கோடுகள் விசிறிபோல் விரிந்தன. ஒரே மாற்றம், சொல்லுக்குச் சொல் வெவ்வேறு தூரம் நடந்திருக்கிறது. கிராமத்து ஆசிரியர்களின் கையெழுத்தில் வந்த அந்தத் தாள்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. ஊர்ப் பேச்சைத் தாளில் பிடித்து வைக்கும் இத்தகைய வேலைக்கு நம் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் மனமுவந்து பணம் ஒதுக்க வேண்டும். குமரிப் பேச்சும் கொங்குப் பேச்சும் நமக்காகக் காத்திருக்காது.

வாசகியின் இரண்டாவது கேள்வி: "ஆங்கிலத்தில் பரிசு என்று பொருள்படும் கிஃப்ட், ஜெர்மனில் மட்டும் எப்படி விஷம் ஆனது?" ஒலிக்கு உள்ள ஒழுங்கு பொருளுக்கு இல்லை. நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணமாக இருந்ததே. கிஃப்ட் என்றால் முதலில் 'கொடுத்தது' மட்டுமே. கிரேக்க மருத்துவத்தில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கும் 'கொடுத்தது' என்றே பெயர். அந்த வழக்கைப் பின்பற்றி ஜெர்மனிலும் கிஃப்ட் கொடுத்த மருந்தைக் குறித்தது, பிறகு கொடுத்துக் கொல்லும் நஞ்சைக் குறித்தது. அந்தக் கிரேக்கச் சொல்தான் மருத்துவமனையில் அவர் நாள்தோறும் குறிக்கும் டோஸ். பழைய பொருள் ஜெர்மனில் ஓர் இடத்தில் இன்னும் ஒளிந்திருக்கிறது: மிட்கிஃப்ட். மகளோடு பெற்றோர் கொடுத்தனுப்பும் சீதனம்.