நாற்பதில் வரும் நோய், பத்து வயதில் விழுந்த தடம்

வாசகி ஒருவர் மெல்போர்னில் இருக்கும் தன் தம்பியைப் பற்றி எழுதியிருந்தார். தம்பிக்கு 46 வயது. குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, அரசுச் செலவில் ஒரு மலப் பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை தனித்தனியாக மாதிரி எடுத்து, தபாலில் அனுப்பும்வரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமாம். தம்பி மனைவி வீட்டையே இரண்டாக்கிவிட்டாராம். அது அவர்கள் பாடு. அக்காவின் கேள்விதான் நமக்கு முக்கியம்: "அவனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மதுரையில் என்னை யாரும் இப்படிச் சோதிக்கச் சொல்லவில்லை. இந்த நோய் நாடு பார்த்தா வரும்?"

நாடு பார்த்துத்தான் வருகிறது. 2024 டிசம்பரில் 50 நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. 25 முதல் 49 வயதுக்குள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பது கேள்வி. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஆஸ்திரேலியாவில் 16.5, அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் 14.8, தென்கொரியாவில் 14.3. கடைசியில் உகாண்டா 4.4, இந்தியா 3.5. 27 நாடுகளில் இந்த வயதினரிடம் நோய் கூடிக்கொண்டே போகிறது. அவற்றில் பாதியளவு நாடுகளில் வயதானவர்களிடம் அதே நோய் கூடவில்லை, அல்லது குறைகிறது. அமெரிக்காவில் 1990ஐ ஒட்டிப் பிறந்தவருக்கு, 1950ஐ ஒட்டிப் பிறந்தவர் அதே வயதில் இருந்தபோது இருந்ததைவிட, பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு. அதனால்தான் அமெரிக்காவில் 2021லும் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலும் பரிசோதனை வயதை 50லிருந்து 45க்கு இறக்கினார்கள்.

"எங்கள் ஊர் மருத்துவமனையில் இந்த நோயோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இளைஞர்கள்தானே, இந்தியாவில் எப்படிக் குறைவு என்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். மருத்துவர்களே கேட்பதுண்டு. ஒரு நாட்டு மக்களில் பாதிப் பேர் எந்த வயதுக்குக் கீழே இருக்கிறார்களோ அதுதான் அந்த நாட்டின் நடுவயது. இந்தியாவின் நடுவயது சுமார் 28, ஜப்பானின் நடுவயது 49ஐ ஒட்டி. ஊரிலேயே இளைஞர்கள் அதிகம் என்றால் வார்டிலும் அதிகம் இருக்கத்தானே செய்வார்கள்? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று வகுத்துப் பார்த்தால்தான் விகிதம் தெரியும்.

ஊருக்கு ஊர் ஏன் இந்த வித்தியாசம்? மரபணு மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களை வில்லியம் ஹென்செல் 1968இலேயே ஆராய்ந்துவிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த வயிற்றுப் புற்றுநோய் ஆபத்து குடியேறியவர்களை விடவில்லை, பிள்ளைகள் தலைமுறையில்தான் இறங்கியது. குடல் புற்றுநோயோ, குடியேறியவர்களிடமே ஏறத் தொடங்கிவிட்டது. மாறியது ஊரும் சாப்பாடும்தான். இதற்கு மாறாக சிங்கப்பூரில் ஒரே தீவு, ஒரே மருத்துவமனைகள். ஆனாலும் சீனர்களிடம் குடல் புற்றுநோய் கூடுதல், அங்குள்ள இந்தியர்களிடம் குறைவு. ஆக, ஊர் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. உடல் பருமன், நார்ச்சத்து இல்லாத உணவு, பதப்படுத்திய இறைச்சி, மது, உட்கார்ந்தே இருக்கும் வேலை என்று வழக்கமான பட்டியல் ஒன்று உண்டு. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் முப்பத்தைந்து வயதில் மாரத்தான் ஓடுகிறவருக்கும் நோய் வருகிறதே, அதற்கு இந்தப் பட்டியல் பதில் சொல்வதில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை தொடங்குகிறது.

டிஎன்ஏவைக் கெடுக்கும் ஒவ்வொன்றும் தன் பாணியில்தான் கெடுக்கும். கறையான் அரித்த மரத்தையும் எலி கடித்த மரத்தையும் தச்சர் பார்த்தவுடனே பிரித்துச் சொல்லிவிடுவார் அல்லவா, அதுபோல. புகையிலை ஒரு வகை எழுத்துப்பிழையை விட்டுச் செல்லும், புற ஊதாக்கதிர் வேறு வகையை விட்டுச் செல்லும். கட்டியின் டிஎன்ஏ முழுவதையும் படித்து, ஆயிரக்கணக்கான பிழைகளை வகைபிரித்தால் யார் வந்துபோனது என்று தெரிந்துவிடும். செர்பியா, குரோவேஷியா, ருமேனியா போன்ற நாடுகளின் சில கிராமங்களில் மட்டும் சிறுநீரகக் கோளாறும் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் கொத்துக்கொத்தாக வந்தன. காரணம் கோதுமை வயலில் வளர்ந்த ஒரு களை. அதன் விதை மாவில் கலந்தது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் என்ற அதன் பிழைத்தடம் கட்டிகளிலேயே கிடைத்தது. அந்தக் களையின் உறவுக்காரச் செடிதான் நம் ஊர் ஈசுவரமூலி. அதே அரிஸ்டலோக்கிக் அமிலம் இதிலும் உண்டு. மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

சரி, குடலுக்கு வருவோம். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா பெரும்பாலும் சாது. ஆனால் சில வகைகளிடம் 54,000 எழுத்து நீளத்தில், 19 மரபணுக்கள் கொண்ட ஒரு கூடுதல் துண்டு இருக்கிறது. 2006இல் பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டு இருக்கும் பாக்டீரியா மனித செல்லைத் தொட்டால், செல்லின் டிஎன்ஏ உடைகிறது. பாக்டீரியா வளர்ந்த திரவத்தை மட்டும் வடிகட்டி ஊற்றினால் ஒன்றும் ஆவதில்லை. உயிரோடு, தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அது தயாரிக்கும் நஞ்சுக்குக் கோலிபாக்டின் என்று பெயர்.

இந்த மூலக்கூறை யாரும் லேசில் பிடித்துக் குப்பியில் அடைத்துவிட முடியவில்லை, அவ்வளவு நிலையற்றது. டிஎன்ஏவில் அது விட்டுப்போன மிச்சத்தை வைத்துத்தான் 2019இல் ஹார்வர்டிலும் யேலிலும் அதன் உருவத்தை ஊகித்தார்கள். நீளமான மூலக்கூறு, இரண்டு முனையிலும் மூன்று கார்பன் அணுக்கள் முக்கோணமாக இறுகிய வளையம் ஒவ்வொன்று. கார்பனுக்கு அந்த முக்கோணக் கோணம் பெரிய அவஸ்தை. எப்போது விடுபடலாம் என்று காத்திருக்கும். பக்கத்தில் ஓர் அடினைன் கிடைத்ததோ இல்லையோ, வளையம் உடைந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு முனையும் இப்படிச் செய்வதால் ஒரு முனை டிஎன்ஏவின் ஓர் இழையிலும் மறுமுனை எதிர் இழையிலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு இழையும் சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டால் செல் அதைப் பிரித்துப் படியெடுக்க முடியாது. வெட்டி ஒட்டித்தான் சரிசெய்ய வேண்டும். அந்த அவசர வேலையில் பிழை நுழைகிறது.

இவ்வளவு கொடிய பொருளைத் தயாரிக்கும் பாக்டீரியாவுக்கும் டிஎன்ஏ இருக்கிறதே, அது எப்படிப் பிழைக்கிறது? இதுதான் எனக்குத் தீராத வியப்பு. அது நஞ்சை நஞ்சாகத் தயாரிப்பதே இல்லை. முனைகளில் மிரிஸ்டிக் அமிலத்தையும் ஓர் அமினோ அமிலத்தையும் சேர்த்து மூடியாக மாட்டி, செயலற்ற வடிவில் தயாரிக்கிறது. மிரிஸ்டிக் அமிலம் வேறொன்றுமில்லை, ஜாதிக்காயிலும் தேங்காய் எண்ணெயிலும் இருக்கும் கொழுப்பு அமிலம்தான். அந்த மூடி இருக்கும்வரை முக்கோண வளையம் டிஎன்ஏவைத் தாக்குவதில்லை. ஒரு புரதம் அதை உள்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அங்கே காத்திருக்கும் ஒரு நொதி மூடியை வெட்டி எறிகிறது. அந்தக் கணம் மூலக்கூறு தானாகவே மடிந்து, முக்கோண வளையங்களுக்கு வீரியம் வந்துவிடுகிறது. தவறி ஏதாவது உள்ளே திரும்பி வந்துவிட்டால் அதைச் செயலிழக்கச் செய்ய இன்னொரு புரதம் தயார். 19 மரபணுவில் இவ்வளவு ஏற்பாடு! நம்மைக் கொல்வதற்காக இல்லை. அநேகமாகப் பக்கத்து பாக்டீரியாக்களோடு உள்ள தகராறுக்கு. நாம் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு மனிதக் குடலின் ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது மற்ற செல்களைப் பெற்றெடுக்கும் தாய் செல்லிலிருந்து, மணல் துகள் அளவு குட்டிக் குடல்களை வளர்த்து, அவற்றுக்குள் இந்த பாக்டீரியாவை ஊசியால் செலுத்தியது. மறுபடி மறுபடி, ஐந்து மாதம். நஞ்சு மரபணு ஒன்றை நீக்கிய பாக்டீரியாவை ஒப்பீட்டுக்காக வேறு சில குட்டிக் குடல்களில் விட்டது. பிறகு டிஎன்ஏவைப் படித்தது. தைமின்கள் வரிசையாக நிற்கும் இடங்களில் ஒரு தைமின் காணவில்லை. அந்த இடத்துக்கு மூன்று நான்கு எழுத்து முன்னால் அடினைன். கோலிபாக்டின் இரண்டு அடினைன்களைப் பிடிக்கும் இடைவெளியும் அதேதான். மூலக்கூறின் நீளமே பிழையில் பதிந்திருக்கிறது! 2020இல் இதை வெளியிட்டபோது, நோயாளிகளின் கட்டிகளிலும் அதே தடத்தைக் காட்டினார்கள்.

அது எப்போது விழுந்தது என்பதற்கும் வழி இருக்கிறது. குடல் சுவர் முழுக்க லட்சக்கணக்கான நுண்குழிகள். ஒவ்வொரு குழியிலும் உள்ள செல்கள் எல்லாம் ஒரே ஸ்டெம் செல்லின் வம்சம். குழந்தை வளரும்போது குழிகள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் இரண்டிலும் ஒரே பிழை இருந்தால், அது இரண்டும் பிரிவதற்கு முன் நடந்தது. இப்படி வம்சாவளி வரைந்துகொண்டே போகலாம். கேம்பிரிட்ஜ் பக்கம் உள்ள சாங்கர் நிறுவனத்தில் 42 பேரின் 2,035 குழிகளைப் படித்து 2019இல் எழுதினார்கள். சிலருடைய ஆரோக்கியமான குடலிலேயே இந்தத் தடம் திட்டுத் திட்டாக இருந்தது. பெரும்பாலும் பத்து வயதுக்குள் விழுந்தது. அப்போது அது கோலிபாக்டினின் வேலை என்று அவர்களுக்கே தெரியாது.

2025 ஏப்ரலில் லுட்மில் அலெக்ஸாண்ட்ரோவ் குழு 11 நாடுகளிலிருந்து 981 பேரின் குடல் கட்டிகளைப் படித்து இந்தத் துப்புகளை எல்லாம் சேர்த்துக் கட்டியது. 40 வயதுக்கு முன் நோய் கண்டவர்களிடம் கோலிபாக்டின் தடம், 70ஐத் தாண்டியவர்களிடம் இருப்பதைவிட 3.3 மடங்கு அதிகம். நோய் அதிகமுள்ள நாடுகளின் கட்டிகளில் இந்தத் தடமும் கனமாக இருக்கிறது. ஏபிசி என்ற காவல் மரபணு பழுதாவதுதான் பெரும்பாலான குடல் கட்டிகளின் முதல் படி. அந்தப் பழுதுகள் சிலவற்றிலும் கோலிபாக்டினின் கைவரிசை தெரிகிறது. முப்பது, நாற்பது வயதில் நடக்க வேண்டிய பழுது ஏழு வயதிலேயே நடந்துவிட்டால் மிச்சப் படிகளும் முன்கூட்டியே வந்துவிடுமே.

இதை அப்படியே பிடித்துக்கொண்டு "கிருமியால்தான் புற்றுநோய்" என்று ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். ஆரோக்கியமானவர்களிலும் ஐந்தில் ஒருவர் குடலில் இந்த வகை ஈ. கோலை இருக்கிறது. பெரும்பாலான கட்டிகளில் இந்தத் தடம் இல்லவே இல்லை. அர்ஜென்டினா, கொலம்பியா போன்ற நாடுகளின் கட்டிகளில் வேறு தடங்கள் தூக்கலாக இருக்கின்றன; அவற்றுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. சில ஊர்க் குழந்தைகளின் குடலில் மட்டும் இந்த பாக்டீரியா ஏன் கூடுதலாகக் குடியேறுகிறது என்பதற்கு சிசேரியன், ஆன்டிபயாடிக், தாய்ப்பால், நார்ச்சத்து என்று ஊகங்கள்தான் உண்டு. நல்ல பாக்டீரியா என்று மாத்திரை வாங்கி விழுங்குவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் உலகப்போரில் சுற்றி எல்லோருக்கும் சீதபேதி வந்தபோது ஒரு ராணுவ வீரருக்கு மட்டும் வரவில்லை. அவர் மலத்திலிருந்து ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917இல் பிரித்தெடுத்த ஈ. கோலை இன்றும் ஜெர்மனியில் மருந்தாக விற்கிறது. அந்த வகையிலும் அதே 19 மரபணுத் துண்டு இருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. இந்தத் தடம் குழந்தைப் பருவத்தில் விழுகிறது என்றால், இன்றைய நாற்பது வயதுக்காரர்களின் விகிதம் 1980களின் சாப்பாட்டுத் தட்டையும் மருந்துச் சீட்டையும்தான் பெருமளவு காட்டுகிறது. இந்தியாவின் 3.5ஐ வைத்து இன்றைய சென்னைக் குழந்தைக்கு எதுவும் சொல்லிவிட முடியாது. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்து, பாக்கெட் தின்பண்டத்தில் வளர்த்த தலைமுறையின் கணக்கு 2050 வாக்கில்தான் வரும். அதைப் பார்க்கப் பதிவேடு வேண்டும். சென்னை, மும்பை, பெங்களூரில் தேசியப் பதிவேட்டுத் திட்டம் 1982இல் தொடங்கியது. சென்னையில் அதை நடத்துவது அடையாறு புற்றுநோய் நிறுவனம். பிறகு தமிழ்நாடு முழுவதற்கும் விரிவாக்கினார்கள். நாட்டில் இந்தப் பதிவேடுகளுக்குள் வருகிறவர்கள் இன்னும் சிறுபான்மைதான். மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கோப்பு புரட்டி எழுதுகிற வேலைக்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அதனால் பணமும் வராது. கோடிக்கணக்கில் ஸ்கேன் கருவி வாங்கும்போது அதில் ஒரு துளியைப் பதிவேட்டு ஊழியர் சம்பளத்துக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று, விகிதம் குறைவு என்பதால் நம் ஊரில் வேறொரு தொல்லை உண்டு. முப்பத்தெட்டு வயதுக்காரர் மலத்தோடு ரத்தம் போகிறது என்றால் வீட்டில், மருந்துக்கடையில், சில நேரம் மருத்துவர் அறையில்கூட, "சூடு" அல்லது "மூலம்" என்று முடித்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் மூலம், பௌத்திரம் என்று எழுதி வைத்திருப்பவர்களிடம் மாதக்கணக்கில் களிம்பு வாங்கியவர்கள் ஏராளம். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் சில வாரம் தொடரும் ரத்தம், விடாத வயிற்றுவலி, நிற்காத பேதி, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கையுறை போட்டு விரலால் பார்க்க மருத்துவருக்கு ஒரு நிமிடம் ஆகும். பார்க்காமலே களிம்பு எழுதிக் கொடுத்தால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.