காற்றுச் சுமையா, காற்று விசையா?

பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கொட்டகை போடுகிறார். படமும் கணக்கும் அவருடையவை. 'தகரம் 50 கிலோ, காற்றுச் சுமை 1,700 கிலோ, ஆக 1,750' என்று தாளில் எழுதி, அதைத் தாங்கத் தூண்களைத் தடிமனாக்கியிருந்தார். தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகாணிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கூட்டலை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது 'சுமை' என்ற சொல்.

சுமத்தல் என்ற வினையிலிருந்து வந்தது சுமை. தலையிலோ தோளிலோ ஏறிக் கீழே அழுத்துவது. 'காற்றுச் சுமை' ஆங்கில 'விண்ட் லோடு' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்த 'லோடு' முதலில் வழியையும் சுமந்துசெல்வதையும் குறித்து, பிறகு ஏற்றிய பொருளுக்கானது. பொறியாளர்கள் அதைக் கட்டடத்தின் மேல் செயல்படும் எல்லா விசைகளுக்கும் நீட்டிக்கொண்டார்கள். நாமோ அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

காற்று கூரை மேல் வந்து உட்காருவதில்லை. மேலே உறிஞ்சுகிறது, திறந்த பக்கம் வழியே புகுந்து கீழிருந்தும் தள்ளுகிறது. கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், சுமார் 153 கிலோ. நிலப்பரப்பு, கூரை வடிவம் ஆகியவற்றுக்கான திருத்தங்களை விட்டுவிட்டால், பதினொரு சதுர மீட்டர்க் கூரையை 1,700 கிலோ மேல்நோக்கி இழுக்கிறது. தகரத்தின் 50 கிலோவை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

'கடன் சுமை, குடும்பச் சுமை என்கிறோமே, சொல் விரியாதா?' என்பார்கள். விரியும். ஆனால் அங்கெல்லாம் ஒருவன் சுமக்கிறான், அழுந்துகிறான். கடன் யாரையும் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. புயல் அறிவிப்பு வந்ததும் கூரைத் தகரத்தில் மணல் மூட்டையும் கருங்கல்லும் ஏற்றச் சொல்லும் பாட்டிக்கு எது சுமை, எதைத் தடுக்கச் சுமை என்பது தெரியும். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான் பாட்டிகள் இல்லை போலிருக்கிறது.

'காற்றழுத்தம்' என்று எழுதுவது இதைவிட மோசம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வானிலை அறிக்கையில் தினமும் கேட்கும் காதுக்கு அது வேறு சங்கதி. தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'வளிப்பளு' என்றார். வளி அருமையான சொல்; பளு அதே சுமைதான், சட்டை மட்டும் வேறு.

நான் 'காற்று விசை' என்றே எழுதுகிறேன். விசைத்தறி, விசைப்பலகை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்தான். ஆனாலும் பள்ளி இயற்பியலில் விசை என்றாலே திசை உண்டு. மேலேயா, பக்கவாட்டிலா என்று சொல்லியே தீர வேண்டும்.

சுமை என்ற சொல்லையே ஒழிக்கச் சொல்லவில்லை. கட்டடத்தின் சொந்த எடை நிலைச்சுமை. ஆளும் நாற்காலியும் வந்துபோவது மாறும் சுமை. ஆங்கிலத்தில் 'டெட் லோடு', 'லைவ் லோடு' எனப்படும் இவற்றை 'இறந்த சுமை', 'உயிர்ச் சுமை' என்று எழுதுகிறவர்கள் கட்டடம் கட்டுகிறார்களா, காரியம் செய்கிறார்களா?

பக்கத்து வீட்டுக்காரர் கூட்டல் குறியை அடித்துவிட்டு, மேல்நோக்கி ஓர் அம்பு போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அப்படியானால் தூணின் அடியில் கான்கிரீட் எத்தனை கிலோ வேண்டும்?" என்றார்.